பெயர் சொல்லவும்

புதுக் கருவி வந்த அன்று முகாமில் தேங்காய் உடைத்தோம். பன்னிரண்டு வருடமாக மிதிவெடி அகற்றுகிறவர்கள் நாங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே தேங்காய் உடைப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஜெசிந்தா வேதக்காரி. அவளும் ஒரு பாதித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். இந்த வேலையில் இருந்துகொண்டு எந்தக் கடவுளையும் பகைக்கக்கூடாது என்பது அவள் கொள்கை.

பழைய கருவி ஒரு முட்டாள். ஆணிக்கும் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும், மீன் அடைத்த தகர ரின்னுக்கும் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் நாங்கள் முழந்தாளில் இருந்து, மண்ணைச் சுரண்டி, தூரிகையால் தட்டிப் பார்க்க வேண்டும். நூறு தரம் கத்தினால் தொண்ணூற்றெட்டுத் தரம் ஆணிதான். ஆனால் அந்த முட்டாள்தான் எங்களுக்கு மோதிரங்களையும் காப்புகளையும் நின்றுபோன கைக்கடிகாரங்களையும் எடுத்துத் தந்தது. அவற்றைப் பையில் போட்டு ஒப்படைப்போம். சில வேளை யாராவது வந்து, பார்த்து, அழுதுவிட்டுப் போவார்கள்.

புதுக் கருவியைச் சொல்லித்தர வந்தவன் நிரோஜன், வவுனியாப் பொடியன். போர் முடிந்தபோது அவனுக்கு நாலு வயது. எங்கள் பதினான்கு பேரையும் மணல் நிரப்பிய பயிற்சிக் குழியைச் சுற்றி இருத்தினான்.

"அக்காமார், பழைய மெசினுக்குக் காது மட்டும்தான். இதுக்குக் கண்ணும் இருக்கு. மண்ணுக்குள்ள கிடக்கிற சாமானை அப்பிடியே உருவமாப் பாக்கும். ஆனா பேர் தெரியாது. பேரை நீங்கள்தான் சொல்லிக் குடுக்கோணும்."

"எங்களுக்கே பாதிச் சாமானுக்குப் பேர் தெரியாது," என்றாள் ஜெசிந்தா.

"உங்களுக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியப்போகுது?"

பொடியனுக்கு வாய் இருந்தது. பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

கருவியை மணலுக்கு மேலாக மெல்ல அசைத்தால், கைப்பிடியில் உள்ள சின்னத் திரையில் உருவம் தெரியும். உடனே ஒரு குரல் கேட்கும்: "பெயர் சொல்லவும்." நாங்கள் சொல்ல வேண்டும். அடுத்ததாகக் கேட்கும்: "ஆயுதமா, குப்பையா?" அதற்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஆயுதம் என்று சொல்லிவிட்டால், அதே சாமானைத் திரும்பக் காணும்போது சிவப்பு விளக்கைப் போட்டு, அதன் பெயரை எங்கள் குரலிலேயே கத்தும்.

"ஏன் தம்பி எங்கட குரல்?"

"கொம்பியூட்டர்க் குரலெண்டா ஆக்கள் காதில விழுத்த மாட்டினம். தெரிஞ்ச ஆளின்ர குரலெண்டா டக்கெண்டு நிப்பினம். ஒரு மெசினுக்குச் சொன்னாப் போதும், பதினாலுக்கும் தெரிஞ்சிடும்."

"குப்பையெண்டு சொன்னா?"

"பேந்து வாய் திறக்காது. தாண்டிப் போயிடும். அதுதான் இதின்ர கெட்டித்தனம். நாளைக்குப் பதினஞ்சு சதுர மீற்றர் செய்யிற நீங்கள் எண்பது செய்வியள்."

"அப்ப காணிக்குள்ள வாற, பேர் சொல்லிக் குடுக்காத சாமான்?"

"வெடிமருந்து இருந்தா பேர் தெரியாட்டியும் கத்தும். வெடிமருந்தும் இல்லை, பேரும் தெரியாது எண்டா, ஒரு ஓரத்தில எழுதி வைச்சிட்டுப் பேசாமப் போகும்."

பிறகு ஒரு வித்தை காட்டினான். ஒரு ரூபாய் நாணயக் குத்தி இரண்டை மணலுக்குள் புதைத்தான். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் முன்னமே பழக்கிய ஒன்றைக் கருவி அறிந்துகொண்டது. மற்றதற்கு "பெயர் சொல்லவும்" என்றது. அது வேறு வருடத்துக் குத்தியாம், ஓரத்தில் கோடு கொஞ்சம் கூடவாம்.

"ஒரு நூல் வித்தியாசமெண்டாலும் இதுக்கு அது வேற சாமான்தான். அவ்வளவு கறார். பிழை விட்டா உங்கட கால் போயிடும், அதாலதான்."

நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். நானும்தான்.

எனக்கு எதிலும் முந்திக்கொண்டு நிற்கிற குணம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதும் அப்படித்தான். குழியில் இறங்கி மளமளவென்று சொன்னேன். ஆணி, குப்பை. சோடா மூடி, குப்பை. மீன் ரின், குப்பை. பெல்ற் கொளுக்கி, அந்த நாளில் எல்லா ஆம்பிளைகளும் கட்டிய அதே வகை, குப்பை. ரவை, ஆயுதம். பதினொரு சாமானைப் பத்து நிமிடத்தில் முடித்தேன். நிரோஜன் கை தட்டினான். "மலரக்காதான் முதலாம் பிள்ளை!" என்றான். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பட்டம் எனக்கு இனித்தது.

எனக்கு அடுத்ததாக ஜெசிந்தா இறங்கினாள். அவளுக்கு வந்தது செபமாலையின் சின்னச் சிலுவை. பெயரைச் சொல்லிவிட்டாள். "ஆயுதமா, குப்பையா?" என்று அது கேட்டது. அவள் கருவியை ஒரு அடி தள்ளிப் பிடித்தாள். அது திரும்பவும் கேட்டது. பதில் வரும்வரை அந்தக் கருவி விடாது. கடைசியில் அவள் குப்பை என்று சொல்லி, கருவியை என்னிடம் தந்துவிட்டு, தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய் நின்று அழுதாள். அவளுடைய தங்கச்சி கழுத்தில் செபமாலையோடுதான் காணாமல் போனவள்.

மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது நான் நிரோஜனிடம் கேட்டேன்.

"தாலி, காப்பு, தோடு, எல்லாம் குப்பையே தம்பி?"

"வெடிக்காத எல்லாம் குப்பையெண்டுதான் மேலிடம் எழுதியிருக்கு அக்கா." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளையோட பட்டியலைப் பூட்டிடுவன். பூட்டினாப் பிறகு காணி முடியுமட்டும் ஒருத்தரும் மாத்தேலாது."

நான் சோற்றுப் பார்சலைத் திரும்பக் கட்டினேன். நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

போரின் கடைசிக் கிழமை, களப்பைக் கடக்கத் தண்ணீருக்குள் இறங்கினோம். என் மனுசன் கேதீசன் முன்னால் போனார். அவர் தோளில் ஆறு மாதப் பிள்ளை, ஆரூரன். நான் மூத்தவள் வேணுகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஷெல் விழுந்தது, சனம் சிதறியது. நான் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே அவர்கள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் இரண்டு கணக்கை மாறிமாறிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எனக்கு முன்னமே கரையேறி, வேறு பஸ்ஸில் ஏற்றப்பட்டு, எங்கோ உயிரோடு இருக்கலாம். அல்லது, என்னைக் காணவில்லை என்று இக்கரைக்குத் திரும்பியிருக்கலாம். இக்கரையில் இன்னும் மிதிவெடி எடுக்காமல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு காணி. புதுக் கருவி வந்ததே அந்தக் காணிக்காகத்தான்.

ஆரூரன் கழுத்தில் பஞ்சாயுதம் இருந்தது. பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழிய, காத்துக் கறுப்பு அண்டாமல் கட்டுகிற பவுண் பதக்கம். சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் என்று ஐந்து ஆயுதமும் அதில் பொறித்திருக்கும். வேணுகாவுக்கும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த அதே பத்தரிடம்தான் இவனுக்கும் கொடுத்தோம். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்து வேலை செய்த மனுசன் அவர். பவுண் போதாமல் போய், வில்லை விட்டுவிட்டு நாலு ஆயுதத்தோடு கொண்டுவந்து தந்தார். நான் அவரைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். கேதீசன் சிரித்தார். "விடுமப்பா, ஒரு ஆயுதம் குறைஞ்சா என்ன? வெளியில நிறையக் கிடக்குதுதானே." அவர் சொன்னவற்றில் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகமிருப்பது அதுதான்.

மூத்தவளின் பஞ்சாயுதம் என்னிடம் பத்திரமாக இருந்தது. அன்று அதை என் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தேன்.

பயிற்சியின் இரண்டாம் நாள் அதைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுபோனேன். ஒருவருக்கும் சொல்லாமல் குழியின் மூலையில் புதைத்தேன். என் முறை வந்ததும் நேரே அங்கே போய்க் கருவியை அசைத்தேன். திரையில் ஐந்து ஆயுதமும் அச்சொட்டாக வந்தன.

"பெயர் சொல்லவும்."

"பஞ்சாயுதம்," என்றேன்.

குப்பை என்று என் வாயால் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வேறென்ன சொல்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. சைரன் அடித்தது. என் குரலே என் காதைப் பிளந்தது: "பஞ்சாயுதம்! பஞ்சாயுதம்!" பழக்கதோஷத்தில் நாங்கள் பதினான்கு பேரும் நிலத்தில் விழுந்து படுத்தோம்.

நிரோஜன் திரையைப் பார்த்தான், பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அக்கா! பேருக்குள்ள ஆயுதம் எண்ட சொல்லு இருந்தா இது கேள்வி கேளாது, நேர சிவப்புக்குள்ள போட்டிடும். குழந்தைப் பிள்ளையின்ர நகையை ஆயுதமெண்டு எழுதிப்போட்டுது. பொறுங்கோ, அழிக்கிறன்."

"அழிக்காதையும் தம்பி."

"இது பிழையல்லே அக்கா."

"கிடக்கட்டும். என்ர பொடியன்ர கழுத்திலயும் ஒரு பஞ்சாயுதம் கிடந்தது. உங்கால, அந்தக் காணிக்குள்ள கிடக்குதோ தெரியேல்ல."

அவன் சிரிப்பு நின்றது. பிறகு திரையில் எதையோ தட்டினான். "பட்டியலைப் பூட்டிட்டன்," என்றான்.

"எனக்கும் உந்தப் புத்தி வந்திருக்கலாம்," என்றாள் ஜெசிந்தா. "சிலுவை ஆயுதமெண்டு சொல்லியிருப்பன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காணியைக் கயிறு கட்டி லேன்களாகப் பிரித்து, ஆளுக்கொன்றாக இறங்கினோம். புதுக் கருவி சொன்ன சொல் தவறவில்லை. மிதிவெடிகளை ஒன்றொன்றாகக் காட்டியது, மற்றவற்றுக்கு வாய் திறக்கவில்லை. அந்த அமைதி முதலில் சுகமாக இருந்தது. போகப்போக எனக்குக் கால் கூசியது.

ஒன்பதாம் நாள், ஜெசிந்தாவின் பக்கத்திலிருந்து என் குரல் கேட்டது. "பஞ்சாயுதம்! பஞ்சாயுதம்!" விதிப்படி எல்லோரும் பின்வாங்கி, ஒருவர் மட்டும் போய்க் கிண்ட வேண்டும். ஜெசிந்தா கிண்டினாள். என் பிள்ளையினுடையதில் நாலுதான் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன்; தூரத்திலிருந்தே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஐந்து ஆயுதம். என்னுடையது அல்ல. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். எனக்கு வந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

பதக்கத்தோடு சின்ன எலும்புகளும் இருந்தன. பொலிஸ் வந்தது, நீதவான் வந்தார், வேலை இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் வாசலுக்கு ஒரு தாய் வந்தாள். பதக்கத்தின் பின்பக்கத்தில் இருந்த பல்லடையாளத்தைத் தொட்டுப் பார்த்தாள். "முதல் பல்லு," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அந்தக் காணியில் ஏழு தரம் அப்படி நடந்தது. ஏழு தரமும் பிள்ளைகளைக் கூப்பிட்டது என் குரல்தான். ஏழு தரமும் ஐந்து விரல்தான் உயர்ந்தது.

நாலாவது தரத்தோடு எங்கள் பொறுப்பாளர் குகதாசன் சேர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுசன் இல்லை. ஒற்றைக் காலோடுதான் இந்த வேலைக்கு வந்தவர்.

"தவமலர், நகையை ஆயுதமெண்டு பழக்கினது நீர்தானே?"

"ஓம் சேர்."

"ஒவ்வொரு சிவப்புக்கும் வேலை ரெண்டு நாள் நிக்குது. வேலிக்கு அங்கால பள்ளிக்கூடம் இருக்கு. பந்து இங்கால வந்தா பொடியள் வேலிக்குக் கீழால பூந்து எடுக்கப் பாக்கிறாங்கள். இந்தக் காணி அவங்களுக்கு விளையாட்டு மைதானமா வரப்போகுது. ஒரு நாள் பிந்தினா ஒரு பிள்ளையின்ர கால் போகலாம். செத்த பிள்ளையளுக்காக இருக்கிற பிள்ளையளை விடச் சொல்லுறீரோ?"

அவர் சொன்னது சரி. நான் செய்ததும் சரிதான். இரண்டும் சரியாக இருந்தால் மனிசி என்ன செய்வாள்? அடுத்த நாளிலிருந்து நான் மற்றவர்களை விட வேகமாக வேலை செய்தேன். சிவப்பால் போன நேரத்தை என் காலால் திருப்பிக் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் லேனை ஒரு செவ்வாய்க்கிழமை தேத்தண்ணிக்கு முன்னமே முடித்தேன். "இண்டைக்கும் நீர்தான் முதல்," என்றார் சேர்.

ஐந்து மாதத்தில் காணி முடிந்தது. நாலு ஆயுதப் பதக்கம் அகப்படவில்லை.

பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் காணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த அன்று நான் வீட்டுக்கு வந்து குளித்து, சாமிக்கு விளக்கேற்றினேன். அந்த ஏழு தாய்மாரும் என்னை மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இக்கரையில் அவர்கள் இல்லை. அப்படியென்றால் கடந்துவிட்டார்கள். எங்கோ இருக்கிறார்கள். கடைக்குப் போய் இருபத்திரண்டு வயதுப் பொடியனுக்கு ஒரு சேட் வாங்கினேன். தகப்பனின் உடம்புவாகு என்றால் என்ன அளவு வரும் என்று கடைக்காரனோடு அரை மணித்தியாலம் வாதாடினேன். நீலக்கோடு போட்ட சேட். அதை வேணுகாவுக்குக் காட்டவில்லை. அம்மாவுக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைப்பாள்.

நிரோஜன் வந்தது அந்த மைதானத்தில் முதல் விளையாட்டுப் போட்டி நடந்த நாளன்று. பின்னேரம், ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டுக்கொண்டிருந்தது. படலையைத் திறந்து உள்ளே வராமல் நின்றான். தேத்தண்ணி கொடுத்தேன். கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை.

"அக்கா, மெசினுகளைத் திருப்பி அனுப்பமுதல், ஓரத்தில எழுதி வைச்ச பட்டியலைப் பாத்துத் துடைக்கோணும். அதைச் செய்யேக்க..." தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "உங்கட மகன்ர பஞ்சாயுதத்தில எத்தினை ஆயுதம்?"

இதை ஏன் இவன் கேட்கிறான் என்றிருந்தது. "நாலு," என்றேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

ரூபாய்க் குத்தி. ஓரத்தில் ஒரு கோடு கூட. ஒரு நூல் வித்தியாசமென்றாலும் அதற்கு அது வேறு சாமான். நான் கருவிக்குப் பழக்கியது மூத்தவளின் ஐந்து ஆயுதத்தை. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடப் பழக்கிவிட்டு, என் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டேன். பத்தரைத் திட்டிய வாய்க்கு, ஒரு வில் குறைந்ததை இருபத்திரண்டு வருடம் மறக்காத வாய்க்கு, அந்த மணல்குழியில் அது ஞாபகம் வரவில்லை.

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். பெருவிரல் நகமளவு உருவம். சங்கு, சக்கரம், வாள், தண்டு. பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஆழம் பதினான்கு சென்ரிமீற்றர். லேன் முப்பத்தொன்று. கருவி பிடித்தவர்: தவமலர்.

"பக்கத்தில ஏதும் கிடக்குதோ?"

"ஒண்டு கிடக்கு அக்கா. அதுக்குப் பேர் இருக்கு." நான் என் விரலால் அந்த வரியைத் தொட்டேன்.

"பெல்ற் கொளுக்கி. குப்பை."

என் குரல். முதலாம் பிள்ளையின் குரல். எவ்வளவு கெட்டித்தனமாகச் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் லேன் தண்ணீரிலிருந்து முந்நூறு மீற்றர் உள்ளே. சனமெல்லாம் களப்பை நோக்கி ஓடிய நாளில், கைப்பிள்ளையோடு ஒரு மனுசன் எதிர்ப்பக்கமாக ஏன் ஓடி வருவான்? என்னைத் தேடித்தான். அவர் என்னைத் தேடி அவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறார். நானும் அவரைத் தேடித்தான் போனேன். போய், மேலால் நடந்து, தேத்தண்ணிக்கு முன்னமே முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒலிபெருக்கியில் யாரோ நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் அழுதேனென்று தெரியவில்லை. நிரோஜனும் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நீதவான் கோட்டுக்கு எழுதுவம் அக்கா. கிண்டி எடுத்துத் தருவினம். ஆனா பேர் இல்லாத வரியைக் கோட் எடுக்காது. நீங்கள் ஒருக்காச் சொல்லோணும்."

பட்டியலின் பூட்டைத் திறந்து, திரையை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தான்.

"பெயர் சொல்லவும்," என்றது அது.

நான் பஞ்சாயுதம் என்று சொல்வேன் என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் வாயைத் திறந்தேன்.

"ஆரூரன்," என்றேன்.

அது கேட்டு எழுதிக்கொண்டது. என் குரலில் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. பிறகு, வழக்கம்போல, அடுத்த கேள்வியைக் கேட்டது.

"ஆயுதமா, குப்பையா?"

நிரோஜன் பதறி அதை நிறுத்தப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேனென்று தெரியாது. அது என் பிள்ளையின் பெயரை இன்னொரு தரம் சொல்லும் என்று நினைத்தேனோ என்னவோ.

பதில் வரும்வரை அது விடாது. திரும்பவும் கேட்டது.